பெயர் எழுதிய மின்மாற்றி

1

கடந்த ஒக்டோபர் முதலாம் திகதி, நைஜீரியாவின் சுதந்திர தினம். பலேர்மோவில் அதைக் கொண்டாடிய மண்டபத்தில் கேக் வெட்டுவதற்கு முன்னரே மின்சாரம் நின்றுவிட்டது. நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தைக்குப் பின்புறமுள்ள தேவாலயத்தின் மண்டபம் அது. நேரம் பின்னேரம் ஐந்து மணி. வெளிச்சம் போன அதே கணத்தில் உள்ளே இருந்த நூறு பேரும் ஒரே குரலில் தங்கள் நாட்டு மின்சாரக் கம்பனியின் பழைய பெயரைச் சொல்லிக் கூவினார்கள். ஊரில் மின்சாரம் போனால் அப்படிக் கூவுவது வழக்கம் என்பதால், பெரியவர்கள் கூவியதில் வியப்பில்லை. இங்கேயே பிறந்து, நைஜீரியாவைப் படத்தில் மட்டும் பார்த்த நாலு வயதுப் பிள்ளைகளும் அதே பெயரைச் சொல்லி, அதே இராகத்தில் கூவினார்கள். வீட்டில் கேட்டுப் பழகியிருக்க வேண்டும்.

மின்சாரத்தை நிறுத்தியவன் என் கூட்டாளி சண்டே. மீன் கடைகளில் ஐஸ் செய்யும் இயந்திரம் ஒன்றை, கடையை மூடிய ஒரு சிசிலியக் கிழவரிடம் வாங்கியிருந்தான். அதைத் தன் நாட்டவருக்குக் காட்டுவதற்காக மண்டபத்துக்கே தள்ளிக்கொண்டு வந்து செருகிவிட்டான். இத்தாலியில் ஒவ்வொரு இணைப்புக்கும் இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. அளவைத் தாண்டினால் மானி தானாக நின்றுவிடும். கீழே இறங்கிப் பொத்தானை மேலே தள்ளினால் திரும்பவும் வரும். ஒரு நிமிடத்தில் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு சங்கத் தலைவர் பேசினார். எங்கள் நாடு இன்னும் இளம் நாடு, வெள்ளைக்காரன் குழப்பிவிட்டுப் போனதை ஒழுங்குபடுத்தக் காலம் எடுக்கும், பொறுமை வேண்டும் என்றார். சந்தை மூலையில் தலைமுடி பின்னும் ஒரு பெண் கதிரையில் இருந்தபடியே குறுக்கிட்டாள்.

“அறுபது வயது தாண்டின பிள்ளைக்கு இன்னும் எத்தனை நாளைக்குப் பால் குடுக்கிறது, தலைவர்?”

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. தலைவரும் சிரித்தார். சண்டே மட்டும் சிரிக்காமல் தன் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நத்தாருக்கு முன்னர் ஊருக்குப் போய்விடுவதாக அன்று எல்லோரிடமும் சொன்னான். ஜனவரியில் முடியும் பெர்மெஸ்ஸோவை, அதாவது இங்கே வசிக்கும் அனுமதியை, புதுப்பிக்கப்போவதில்லை என்றும் சொன்னான். இங்கே எங்களில் எவரும் அப்படி ஒரு வார்த்தையைப் பகிடிக்கும் சொல்வதில்லை.

2

சண்டே நைஜீரியாவின் பெனின் நகரத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை பிறந்ததால் சண்டே. அங்கே பிறந்த கிழமையைப் பெயராக வைப்பது சாதாரணம். எங்கள் தமிழ்ப் பொடியள் அவனைக் கண்டால், சண்டேக்குத் திங்கட்கிழமையும் வேலையோ என்று கேட்பார்கள். அவனுக்கு நாற்பத்தாறு வயது. வந்த புதிதில் பலேர்மோவின் ஓரத்தில் உள்ள சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கினான். பிறகு துறைமுகத்தில் சாமான் இறக்கினான். ஏழு வருடமாக என்னோடு மாடிக்குடியிருப்புகளின் படிக்கட்டுகளைத் துப்புரவு செய்கிறான். மேல் மாடியில் தொடங்கி அவன் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு இறங்குவான். நான் பின்னால் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு இறங்குவேன். ஆகவே ஏழு வருடமாக அவனுடைய முதுகைப் பார்த்துத்தான் நான் கதைத்து வருகிறேன். இருவரும் பேசுவது பிழையான இத்தாலியன். இருவரின் பிழைகளும் வேறு வேறு என்பதால் விளங்கிக்கொள்வதில் சிரமமில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்திகளைத் திருத்தும் மேசையில் இருந்தவன். அது தெரிந்த நாளில் இருந்து சண்டே என்னை ஜோர்னலிஸ்தா என்றுதான் கூப்பிடுகிறான். பத்திரிகைக்காரன் என்று அர்த்தம். வாளியும் கையுமாக நிற்கும்போது அப்படிக் கூப்பிடுவது கேலியா மரியாதையா என்று நான் கேட்டதில்லை.

அவன் கலியாணம் செய்து இரண்டு வருடத்தில் வெளிக்கிட்டவன். பதினாலு வருடம் ஆகிறது. இடையில் இரண்டு முறை போய் வந்தான். பிள்ளைகள் இல்லை. மனைவி கிரேஸ் உறைய வைத்த மீன் விற்கிறாள். ஊரில் மின்சாரம் வரும் மணித்தியாலங்களை நம்பி வைத்திருக்கும் வியாபாரம் அது. சண்டேயின் திட்டம் எளிமையானது. அந்த ஐஸ் இயந்திரத்தோடு போவது, கிரேஸின் கடைக்குப் பக்கத்தில் ஐஸ் செய்து மற்ற மீன்காரருக்கு விற்பது, பெண்சாதியோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது. பணக்காரனாவது அவனுடைய திட்டத்தில் இல்லை. அவனே சொன்னான்: “பதினாலு வரியமாப் போனுக்குள்ளதான் கலியாணம் நடக்குது, ஜோர்னலிஸ்தா. இனிக் காணும்.”

இடையில் ஒரேயொரு தடை. அவனுடைய தெருவின் மின்மாற்றி எரிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அன்று முதல் கிரேஸ் காசு கொடுத்து வாங்கிய ஐஸில் வைத்துத்தான் மீனை விற்கிறாள்.

எரிந்த மின்மாற்றியைக் கம்பனிதானே மாற்ற வேண்டும் என்று நான் கேட்டேன். சண்டே கூட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான். அங்கே வழக்கம் வேறு. எரிந்தால் தெருவார் கூடிப் பேசுவார்கள், கடிதம் எழுதுவார்கள், காத்திருப்பார்கள், கடைசியில் தாங்களே காசு சேர்த்துப் புதிது வாங்குவார்கள். வாங்கியதைக் கம்பனிக்கு இனாமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அதே கம்பனி அதே மின்மாற்றியால் மின்சாரம் தந்து மாதாமாதம் சிட்டை அனுப்பும். அவன் இதை ஒரு முறைப்பாடாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மழைக்கு முன் கூரை மேய்வதைச் சொல்வதுபோலச் சொன்னான்.

கேட்டுச் சிரித்துவிட்டேன். அடுத்த மாடி இறங்குவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் ஊர் வைத்தியசாலைக்கு வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் காசு சேர்த்துக் கட்டிக்கொடுத்த விடுதி நினைவுக்கு வந்தது. அதை ஓர் அமைச்சர் வந்து திறந்துவைத்தார். கல்லில் அவருடைய பெயர்தான் இருந்தது. அந்தச் செய்தியைத் திருத்தியவன் நான். பக்கத்தில் இடமில்லை என்று காசு கொடுத்தவர்களின் பெயர்களை வெட்டியவனும் நான்.

3

சண்டேயின் தெருவில் இருந்து வந்தவர்கள் பலேர்மோவில் மட்டும் முப்பது பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து மின்மாற்றியை வாங்கினார்கள். ஜூன் மாதம் அது லாகோஸில் இருந்து லொறியில் வந்து இறங்கியது. பாஸ்டர் வந்து செபம் செய்தார். ஓர் ஆடு அடித்தார்கள். பெண்கள் அதைச் சுற்றி ஆடிய காணொளியைச் சண்டே எனக்கு மூன்று முறை காட்டினான். இயந்திரத்தைக் கொங்கிரீட் மேடையில் ஏற்றி வைத்தார்கள். கம்பி இழுத்து இணைப்புக் கொடுக்க வேண்டிய கம்பனிக்காரர் மட்டும் வரவில்லை. மேலிடத்தில் இருந்து சொல்ல வேண்டும் என்றார்கள். ஜூலையும் போனது.

ஒரு நாள் படிக்கட்டில் சண்டே கேட்டான்.

“நீ பேப்பரில இருந்த ஆள். ஓர் அரசியல்வாதியைக் கெதியா வரப்பண்ண என்ன செய்ய வேணும்?”

“அவரின்ரை பேரை எழுதிவிடுங்கோ.”

“எதில?”

“டிரான்ஸ்போமரிலதான். பெரிய எழுத்தில. தன்ரை பேர் எழுதின சாமானை வேலை செய்யாமல் விட ஒருத்தருக்கும் மனம் வராது.”

நான் இதை யோசித்துத்தான் சொன்னேன். இருபது வருடம் அடிக்கல் செய்திகளைத் திருத்தியவனுக்கு இது தெரியாதா என்ற தெளிவோடு சொன்னேன். சண்டே அன்று மாலையே தங்கள் தெருவாரின் தொலைபேசிக் குழுவில் எழுதினான். முப்பது பேரும் ஒப்புக்கொண்டார்கள். நிறம் பற்றி மட்டும் ஒரு வாக்குவாதம் நடந்தது. பச்சை நிறத்தில், அந்தப் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் முழுப் பெயரையும் எழுதி, கீழே ‘தெருமக்களின் நன்றி’ என்று போட்டார்கள். அவர் ஒரு சதமும் கொடுத்தவரல்ல. படம் அவருக்குப் போனது. இரண்டே நாளில் அவருடைய செயலாளர் கூப்பிட்டார். ஐயாவுக்கு மிகுந்த சந்தோசம், ஒக்டோபர் முடிவதற்குள் தானே வந்து திறந்துவைப்பார் என்றார்.

சுதந்திர தினத்தன்று சண்டே ஐஸ் இயந்திரத்தை மண்டபத்துக்குத் தள்ளி வந்தது இந்த வாக்கை நம்பித்தான். அன்று அவன் என்னை எல்லோருக்கும் காட்டி, எங்கள் தெருவுக்கு வெளிச்சம் தரப்போகிறவர் இவர்தான் என்றான். நான் மறுக்கவில்லை. ஒரு துண்டு கேக் கூடுதலாகக் கிடைத்தது.

4

உறுப்பினர் வரவில்லை. நவம்பரில் அவருடைய கட்சி அவரைக் கழித்துவிட்டு வேறொருவரை வேட்பாளராக்கியது. புதியவரிடம் தெருவார் போனார்கள். அவர் அவர்களை மரியாதையாக இருத்தி, குடிக்கக் கொடுத்து, ஒரு கேள்விதான் கேட்டாராம்: அந்த ஆளின் பெயர் எழுதிய பெட்டிக்கு நான் ஏன் கம்பி இழுக்கச் சொல்ல வேண்டும்?

பலேர்மோவில் அவசரமாகத் தொலைபேசிகள் அடித்தன. பச்சை எழுத்தின் மேல் சாம்பல் நிறம் பூசச் சொன்னார்கள். பூசினார்கள். ஆனால் பெண்கள் ஆடிய காணொளியும் பெயர் எழுதிய படமும் ஊர் முழுக்கப் போயிருந்தன. வேட்பாளரின் ஆட்கள் படத்தை வைத்துக்கொண்டு, பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்களாம். கீழே பச்சை தெரிந்தது.

அடுத்ததாகக் கம்பனி, இனாமாக எழுதிய பத்திரத்தில் தெருவார் எல்லோரும் ஒப்பமிடவில்லை என்றது. ஒப்பம் வாங்கினார்கள். வாங்கிக்கொண்டு போனபோது பத்திரத்தை ஏற்க வேண்டிய அதிகாரி இடமாற்றமாகிப் போயிருந்தார். புதியவர் கடமையேற்கவில்லை. கடிதத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இவை ஒவ்வொன்றும் எனக்குச் சண்டேயின் முதுகில் இருந்து செய்தியாக வந்தன. ஒரு திங்கட்கிழமை நாலாம் மாடியில் ஒப்பம், அடுத்த வியாழன் இரண்டாம் மாடியில் இடமாற்றம்.

டிசம்பர் நடுவில், இணைப்புக் கொடுக்காத மின்மாற்றியின் அடியில் யாரோ துளையிட்டு உள்ளே இருந்த எண்ணெய் முழுவதையும் வடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த எண்ணெய்க்கு அங்கே சந்தை உண்டு. அது இல்லாவிட்டால் மின்மாற்றி வெறும் இரும்புப் பெட்டிதான். மின்சாரம் ஓடும் மின்மாற்றியில் எவரும் கை வைக்கத் துணியமாட்டார்கள். ஓடாததில் துணிவு தேவையில்லை.

செய்தி வந்த அன்று சண்டே கூட்டவில்லை. மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தான். நானும் ஒரு படி மேலே உட்கார்ந்தேன். பெயரை எழுதச் சொன்னது நான்தான், என் பிழை என்று சொன்னேன்.

“நீ சொல்லாட்டி வேறை ஆரும் சொல்லியிருப்பினம்,” என்றான். “பேர் எழுதினதில பிழையில்லை. ஒருத்தன்ரை பேருக்காக எண்டாலும் வேலை நடக்கட்டும் எண்டுதானே நினைச்சம். பேரில்லாமல் ஒரு வேலை நடக்கும் எண்டு எங்களில ஒருத்தருக்கும் நினைக்கத் தெரியேல்லை. உனக்கும் தெரியேல்லை.”

இது உண்மை. நான் இருந்த மேசையில், அடிக்கல் நாட்டினால் செய்தி. திறந்துவைத்தால் செய்தி. நாட்டிய கல்லின் மேல் பத்து வருடம் ஒன்றும் எழும்பாவிட்டால் அது எந்தத் திகதியிலும் நடக்காத விடயம், எந்தப் பக்கத்திலும் அதற்கு இடமில்லை. நாங்கள் மறைத்தோம் என்றில்லை. நடக்காததை எப்படி எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சண்டேயின் நாடு மண்ணுக்கடியில் எண்ணெய் வைத்துக்கொண்டு பெற்றோலுக்கு வரிசையில் நிற்கிறது. எங்கள் நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் என் தம்பியும் அங்கே நின்றான். அப்போது சண்டே என்னிடம், வரிசையில் கதிரை கொண்டுபோகச் சொல் என்றான். அனுபவம் உள்ளவனின் ஆலோசனை அது. தம்பி கொண்டுபோனான்.

நத்தாருக்கு இரண்டு நாள் முன்னர் சண்டே ஐஸ் இயந்திரத்தைச் சந்தையில் ஒரு பங்களாதேஷ்காரரின் மீன் கடைக்கு விற்றான்.

5

பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிப்பதற்கு முதலில் தபால் கந்தோரில் ஒரு பெரிய கடித உறை வாங்க வேண்டும். உள்ளே படிவங்கள் இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெட்டி. சண்டே அந்த உறையோடு ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக்கு வந்தான். என் மகள் ஆரணி நிரப்பிக் கொடுப்பாள். அவள் இங்கே பிறந்தவள், பத்தொன்பது வயது. எங்கள் ஆட்கள் பாதிப் பேரின் படிவங்கள் அவளுடைய கையெழுத்தில்தான் குவெஸ்தூராவுக்கு, குடியேற்ற அலுவல்களைப் பார்க்கும் பொலிஸ் கந்தோருக்கு, போயிருக்கின்றன.

ஆரணி தமிழில் தொடங்கி இத்தாலியனில் முடிப்பவள். சிசிலிச் சந்தைக்காரரின் இழுவையும் அதில் உண்டு. மின்மாற்றியின் கதை முழுவதையும் அன்றுதான் கேட்டாள். கேட்டுவிட்டுப் பேனையை வைத்தாள்.

“அப்பா, ஒரு விசயம் விளங்கேல்லை. கறண்ட் கம்பனி செய்ய வேண்டிய வேலையை அவை ஏன் செய்யேல்லை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே? முப்பது பேரும் என்ன கலர் எண்டுதான் கதைச்சவை. நீங்கள் என்ன பேர் எண்டு சொன்னீங்கள். மா பெர்கே, ஆனா ஏன்?”

கேட்டவர்கள் இருந்தார்கள், கடிதம் எழுதினார்கள் என்றேன். எழுதிய கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் அடுத்து என்ன செய்தார்கள் என்று கேட்டாள். நான் சண்டேயைப் பார்த்தேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்ன கேட்கிறாள் என்று அவனுக்கு விளங்கியிருந்தது.

“சொல்லு அவளுக்கு,” என்றான். “கேட்டவங்கள்தான் இப்ப பலேர்மோவில படிக்கட்டுக் கூட்டுறாங்கள்.”

ஆரணி சிரிக்கவில்லை. அது அவளுக்குப் பகிடியாகப் படவில்லை. ஒரு சாட்டாகத்தான் பட்டிருக்க வேண்டும். இங்கே ஒரு தெருவிளக்கு எரியாவிட்டால் அவள் நகரசபைக்கு எழுதுவாள். இந்த நகரசபையும் மாதக்கணக்கில் பதில் போடாது. அவள் திரும்பவும் எழுதுவாள். எங்கள் இருவருக்கும் அவளைப் பார்க்க ஒரு வெளிநாட்டுக்காரியைப் பார்ப்பதுபோல இருந்தது. உண்மையில் அந்த அறையில் வெளிநாட்டுக்காரர் நாங்கள் இருவரும்தான்.

படிவம் முடிந்ததும் சண்டே எழும்பவில்லை. பெண்சாதியை இங்கே கூப்பிட எந்தப் படிவம் என்று கேட்டான்.

கிரேஸ் மீன் வியாபாரத்தை விட்டுவிட்டாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. முந்தின கிழமை தொலைபேசியில் அவள், நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று கேட்கவில்லையாம். பதினாலு வருடத்தில் அந்தக் கேள்வி இல்லாமல் முடிந்த முதல் அழைப்பு. அவள் சொன்னதைச் சண்டே இத்தாலியனில் மாற்றிச் சொன்னான்: “நீங்கள் இஞ்சை வந்து இருட்டில என்னோட இருக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்லை. நான் அங்கை வாறன்.”

என் மனைவி குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, அப்ப வரட்டுமே, நல்லதுதானே என்றாள். ஆரணி தொலைபேசியில் விதிகளைத் தேடி வாசித்தாள். வருமானச் சான்று. கலியாணப் பத்திரம், அதுவும் நைஜீரியாவில் இருந்து முத்திரையோடு வர வேண்டும். அதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று எவரும் கேட்கவில்லை. கடைசியாக, வசிக்கும் இடம் தகுதியானது என்று நகரசபையின் சான்று. ஆளுக்கு இவ்வளவு சதுர மீற்றர், தரையில் இருந்து கூரைக்கு இரண்டு மீற்றர் எழுபது.

6

சண்டே நாலு பேரோடு சேர்ந்திருந்த அறையை விட்டுவிட்டு, அல்பெர்கேரியாவில் ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடியில் தனி அறை எடுத்தான். அவனுடைய சம்பளத்துக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். வேறு மூன்று இடங்களில், தொலைபேசியில் காலியாக இருந்த வீடு ஆளை நேரில் கண்டதும் நிரம்பிவிட்டது. அறை சுத்தமாக இருந்தது. சுண்ணாம்பு அவனே அடித்திருந்தான். இரட்டைக் கட்டில், ஒரு மின்னடுப்பு, யன்னலைத் திறந்தால் தேவாலயத்தின் ஓடுகள். சான்றுக்கு ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னர் நாங்களே ஒருமுறை அளந்து பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

தரை அளவு போதுமாக இருந்தது. ஆளுக்கு வேண்டியதைவிடச் சற்று அதிகம். அதை நான் சொன்னபோது அவனுடைய முகம் மலர்ந்ததைக் கண்டேன்.

கூரைக்கு அவன் அளவுநாடாவின் அடியைத் தரையில் பிடித்தான், நான் கதிரையில் ஏறி நுனியைப் பிடித்தேன். கூரை சரிவானது. உயர்ந்த பக்கத்தில் அளந்தோம். இரண்டு மீற்றர் ஐம்பத்தைந்து. வேண்டியதற்குப் பதினைந்து சென்ரிமீற்றர் குறைவு. தாழ்ந்த பக்கத்தை அளக்கவில்லை.

சண்டே கட்டிலில் உட்கார்ந்தான். ஊரில் தான் கட்டிய வீட்டைப் பற்றி அதுவரை அவன் என்னிடம் அதிகம் சொன்னதில்லை. அப்போது சொன்னான்.

“பெனினில என்ரை வீட்டுக்குக் கூரை மூண்டரை மீற்றர், ஜோர்னலிஸ்தா. வெக்கை பிடிக்கக் கூடாதெண்டு உயர்த்திக் கட்டச் சொன்னனான். ஃபேன் போடக் கொளுக்கியும் வைச்சிருக்கு.”

 இந்த முறை என்னிடம் ஆலோசனை இருக்கவில்லை. வீட்டுக்காரரிடம் கதைத்துப் பார்க்கலாம் என்று சொல்ல நினைத்தேன். கூரையை உயர்த்த வீட்டுக்காரராலும் ஏலாது. கதிரையை விட்டு இறங்கி, நாடாவைச் சுருட்டத் தொடங்கினேன்.

அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உயர்ந்த பக்கத்தில் கிடந்த கட்டிலின் மேல் ஏறி நின்றான். நெடிய ஆள்; கையை நீட்டாமலே தலை கூரையின் மரச்சட்டத்தில் இடித்தது. சற்றுக் குனிந்து, உள்ளங்கையை மரச்சட்டங்களுக்கு இடையில் வைத்து, இன்னொரு முறை அள, இந்த இடத்தில் பிடித்து அள என்றான்.

அளந்தேன். அதே அளவுதான்.